வால் ஆட்டும் அம்பு

அம்பு நேரே செல்லும் என்பது நம் மனத்திற் பதிந்துவிட்ட நம்பிக்கை. உண்மையோ வேறு. நாணை விட்டுப் புறப்படும் அம்பு எதுவாயினும், முதற் சில கெஜ தூரம் மீனைப்போல் உடலை வளைத்து வளைத்தே காற்றில் நீந்துகிறது. அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் பௌதிக அறிஞர், 1930களில் அதிவேகக் கமராவைக் கொண்டு இந்த நெளிவைப் படமெடுத்துக் காட்டினார். நெளிவு அளவோடிருந்து விரைவில் அடங்கிவிட்டாற் குற்றமில்லை. அடங்காது வாலை ஆட்டிக்கொண்டே போகும் அம்புதான் வில்லாளியின் தலைவலி.

கல்முனைக் கரையோரத்து இல்லங்களில் வில் என்றதும் உஹதுப் போர் நினைவுக்கு வருவது இயல்பு. 625ஆம் ஆண்டில் நிகழ்ந்த அப்போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஐம்பது வில்வீரரைக் குன்றொன்றில் நிறுத்திய வரலாற்றையும், ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வில்லாற்றலையும் கேட்டு வளராத சிறுவர் நம்மிடையே மிகச் சிலரே. ஆனால் இன்றைய மாணவர் ஆசைப்படும் வில் வேறு. மிசூரி மாநிலத்து ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற கொம்பவுண்ட் வில் அது. அதன் இரு முனைகளிலும் கப்பிகள் சுழலும். முழுதும் இழுத்தபின் கையில் தங்கும் பாரம் பெரிதும் குறைந்துவிடும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், இவ்வகை வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியா வென்றது. அவற்றுள் மூன்றில் விஜயவாடாவின் ஜோதி சுரேகாவுக்குப் பங்குண்டு. 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக இது சேர்க்கப்படுமென 2025இல் அறிவித்தும் விட்டார்கள்.

அம்பு தள்ளாடினால் நம்மூரார் முதலிற் குற்றஞ்சாட்டுவது கச்சான் காற்றையே ஆகும். பாவம், காற்று! அது அம்பைப் பக்கமாக ஒதுக்கும் என்பது மெய். தள்ளாடும் அம்பை இன்னும் அதிகமாக ஒதுக்கும் என்பதும் மெய். எனினும் தள்ளாட்டம் பிறக்குமிடம் பெரும்பாலும் வில்லும் கையும்தான். இதை அறிய எளிய சோதனையொன்றுண்டு. அதற்கு வேண்டியது ஒரு மரச்சட்டமும் பழைய செய்தித்தாளுமே. தாளைச் சட்டத்தில் இறுக ஒட்டி, அதன் பின்னே சற்றுத் தள்ளி அம்பைத் தாங்கும் திண்ணிய இலக்கை வைத்து, ஏறத்தாழ இரண்டு மீற்றர் தொலைவில் நின்று எய்ய வேண்டும். அத்தனை அருகில் காற்றுக்கு வேலையே இல்லை.

இனித் தாளைப் பாருங்கள். அம்பின் முனை ஒரு வட்டத் துளையையும், இறகுகள் மூன்று கீறல்களையும் விட்டுச் சென்றிருக்கும். கீறல்கள் துளையைச் சுற்றியே அமைந்திருந்தால் அம்பு நேராகச் சென்றது என்று பொருள். கீறல்கள் துளைக்கு மேலே இருந்தால் வால் உயர்ந்து சென்றிருக்கிறது. நாணில் அம்பு பொருந்தும் இடத்தைச் சிறிது கீழிறக்க வேண்டும். கீழே இருந்தால் அதனை மேலேற்ற வேண்டும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால், அம்புதாங்கியை மயிரிழையளவு நகர்த்தி மீண்டும் எய்து, கிழிசல் குறைகிறதா கூடுகிறதா என்று நோக்க வேண்டும். ஒரே வேளையில் இரண்டு மாற்றங்களைச் செய்பவர் எதனால் குணமாயிற்று என்பதை அறியமாட்டார்.

எவ்வளவு நகர்த்தியும் கிழிசல் தாளுக்குத் தாள் திசை மாறுகிறதா? அப்படியாயின் கருவியை விட்டுக் கையைப் பாருங்கள். வில்லின் பிடியை இறுகப் பற்றினால் அது எய்யும் கணத்தில் முறுகித் திரும்பும். நாணும் உடன் திரும்பும். உள்ளங்கையின் பெருவிரற்பக்கச் சதையில் வில் சாய்ந்து நிற்க, விரல்கள் தளர்ந்திருத்தலே முறை. காஷ்மீரத்துச் சீதல் தேவி இரு கைகளுமின்றிப் பிறந்தவர். காலால் வில்லைத் தாங்கித் தோளால் நாணை இழுத்து எய்பவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராக்கேஷ் குமாரோடு வெண்கலம் வென்றார். இறுகப் பற்ற அவருக்குக் கையே இல்லை. இரண்டு கையுமுள்ள நாமோ வேண்டாத வலுவையெல்லாம் விரலிற் காட்டுகிறோம்!

கையும் குற்றமற்றதெனில், இறகு எங்கேனும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள முகப்பவுடரை அம்பின் இறகுகளிலும் அம்புதாங்கியிலும் தூவி ஒருமுறை எய்தால், உரசிய இடத்திற் பவுடர் அழிந்திருக்கும். அம்பின் வாற்பிளவைச் சற்றே திருப்பிப் பொருத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது அம்பின் விறைப்பு. பணம் விரயமாவது இங்கேதான். இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் தாங்கிய அம்புத்தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது எத்தனை அங்குலம் வளைகிறது என்று அளப்பார்கள். அரை அங்குலம் வளைந்தால் 500 என்று குறிப்பர். ஆகவே எண் சிறுத்தால் விறைப்பு மிகுதி. வில்லின் இழுபாரம் கூடினாலும், தண்டு நீண்டாலும், முனை கனத்தாலும் அதே அம்பு மெலிந்ததுபோல் நடந்துகொள்ளும். நண்பர் வைத்திருக்கும் அம்பு நன்றாகப் பறக்கிறதென்று அதே எண்ணை வாங்குவது, அவருடைய மூக்குக்கண்ணாடியை நாம் அணிவது போன்றது. இழுபாரத்தையும் அம்பின் நீளத்தையும் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

இரு கப்பிகளையுடைய வில்லில் இன்னொரு நோயும் உண்டு. நாணும் வடங்களும் நாளடைவில் நீளும். ஒன்று மற்றொன்றிலும் அதிகம் நீண்டால், ஒரு கப்பி முந்தி மற்றது பிந்தும். மருதமுனைத் தறியிற் பாவு நூல் ஒருபுறம் தளர்ந்தால் துணி என்னாகும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுநாண் பூட்டியவுடன் கப்பிகளில் மையால் அடையாளமிட்டு வைத்தால் பின்னர் பிசகைக் கண்டுகொள்ளலாம். அதைச் சரிசெய்வது மட்டும் வீட்டில் ஆகாது. முனைகளை அமுக்கிப் பிடிக்கும் தனிப்பொறி வேண்டும். வெறுங்கையால் நாணைக் கழற்ற முயல்வது ஆபத்து. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதும் அவ்வாறே. அந்த விசை முழுதும் வில்லையே தாக்கி உடைத்துவிடும்.

தள்ளாடும் அம்பு எங்கே போய் விழும் என்று எய்தவனுக்கும் தெரியாது. எனவே கரைவலை இழுப்போரும் சிறுவரும் நடமாடும் கடற்கரை மணல்வெளி இச்சோதனைக்குரிய இடமன்று. பின்னே உயர்ந்த மண்மேடுள்ள, ஆளரவமற்ற வெளியிற் பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகிருக்கச் செய்ய வேண்டும். காபன் அம்பாயின், ஒவ்வொரு முறையும் நாணிற் பூட்டுமுன் அதை மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் ஓசை சிறிது கேட்டாலும் அத்தண்டு உள்ளே விரிந்திருக்கிறது. எய்தால் சிதறிக் கையிற் பாயும். அதை அப்போதே இரண்டாக முறித்து எறிந்துவிடுங்கள், வேறொருவர் எடுத்துப் பூட்டாதிருக்க.