மூமின்கள் குடியிருக்கும் மங்கலான அறைகள்

பின்லாந்தின் தாம்பெரே நகரில், இசைக் கச்சேரிகளும் மாநாடுகளும் நடக்கும் தாம்பெரே மண்டபத்துக்குள் மூமின் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறுவர் கதைகளில் வரும் கற்பனை உயிர்களான மூமின்களுக்கென்றே உலகில் உள்ள ஒரே அருங்காட்சியகம் இதுதான். உருண்டை உடம்பு, நீர்யானையை நினைவூட்டும் பெரிய மூக்கு, மெல்லிய வால், வெள்ளை நிறம்: மூமின்களின் தோற்றம் அவ்வளவுதான். கைப்பையை ஒருபோதும் கீழே வைக்காத அம்மா, உயரத் தொப்பி அணிந்து பழைய சாகசங்களை எழுதும் அப்பா, அவர்களின் மகன் மூமின்ட்ரோல் மூவரும் ஒரு பள்ளத்தாக்கில் நீல நிற வீட்டில் வாழ்கிறார்கள். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் ‘எத்தனை நாள் தங்குவாய்’ என்ற கேள்வியே கிடையாது. மேசையில் இன்னொரு தட்டு வைக்கப்படும், அவ்வளவே.

இவர்களைப் படைத்தவர் எழுத்தாளரும் ஓவியருமான தோவே யான்சன். 1914இல் ஹெல்சிங்கியில், பின்லாந்தின் சிறுபான்மை மொழியான சுவீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சிற்பி, தாய் சித்திரக்காரர். சிறுவயதில் தம்பியோடு தத்துவஞானி காண்ட்டைப் பற்றி நடந்த வாக்குவாதத்தில் தோற்றபோது, கோபத்தில் கழிப்பறைச் சுவரில் தன்னால் முடிந்த அளவு அவலட்சணமான ஓர் உருவத்தை வரைந்தாராம். மூமினின் முதல் சாயல் அதுதான். பிறகு, ஸ்டாக்ஹோமில் மாமா வீட்டில் தங்கிப் படித்த நாட்களில், இரவில் சமையலறைக்குள் புகுந்து தின்பண்டம் எடுக்கும் மருமகளைத் தடுக்க மாமா ஒரு கதை கட்டினார்: அடுப்புக்குப் பின்னால் ‘மூமின்ட்ரோல்’ ஒளிந்திருக்கிறது, பிடரியில் குளிர்ந்த மூச்சை ஊதும் என்று. இப்படிப் பெயர் வந்தது. 1940களில் ‘கார்ம்’ என்ற அரசியல் நையாண்டி இதழில் தோவே வரைந்த கேலிச்சித்திரங்களில், கையெழுத்தின் அருகே அந்த உருவம் நின்றது. அப்போது அது ஒல்லியாக, நீண்ட மூக்கோடு இருந்தது. உடம்பு உருண்டது பின்னால்தான்.

1939இல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. அந்தப் போர்க்காலத்தில்தான் தோவே முதல் மூமின் கதையைத் தொடங்கினார். அது புத்தகமானது 1945இல். பெருவெள்ளத்தில் காணாமல்போன அப்பாவைத் தேடி அம்மாவும் மகனும் அலையும் கதை அது. 1970 வரை மொத்தம் ஒன்பது கதைநூல்கள் வந்தன. சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1966இல் அவருக்குக் கிடைத்தது. இன்று இந்தக் கதைகள் 50க்கும் மேற்பட்ட மொழிகளில் படிக்கப்படுகின்றன.

1986இல் தோவே தன்னிடம் இருந்த மூமின் சித்திரங்கள், முன்வரைவுகள் என ஏறக்குறைய 2,000 படைப்புகளைத் தாம்பெரே கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். மறு ஆண்டே அவை நகர நூலகத்தின் அடித்தளத்தில் காட்சிக்கு வந்தன. அருங்காட்சியகம் இப்போதுள்ள இடத்தில் 2017 ஜூனில் திறக்கப்பட்டது.

பின்லாந்தின் நான்தாலியில் 1993 முதலும், ஜப்பானின் சைதாமாவில் 2019 முதலும் மூமின் கேளிக்கைப் பூங்காக்கள் நடக்கின்றன. அங்கே மூமின்கள் ஆள் உயரத்தில் நடமாடுவார்கள், குழந்தைகளைக் கட்டிக்கொள்வார்கள். தாம்பெரேயில் அப்படி எதுவும் இல்லை. இங்கே அவர்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறார்கள். கோப்பைகளிலும் துணிகளிலும் பொம்மைகளிலும் உலகெங்கும் பரவிய உருவங்கள் எந்தக் கையிலிருந்து பிறந்தன என்பதை இங்கே மட்டுமே இவ்வளவு நெருக்கமாகக் காண முடிகிறது. பல மூலச் சித்திரங்கள் பார்வையாளர்கள் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியவை. குனிந்து பார்த்தால்தான் ஒரு காட்டின் இருளுக்காக எத்தனை நூறு மைக்கோடுகள் நெருக்கி இழுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியும்.

அறைகளில் வெளிச்சம் குறைவு. மாயச்சூழல் உண்டாக்க மட்டும் செய்த ஏற்பாடு அல்ல இது. மையும் நீர்வண்ணமும் ஒளி பட்டால் மங்கும், காகிதம் பழுப்பேறும். ஒருமுறை போன நிறம் திரும்பாது. அதனால் காகிதப் படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி விடாமல் இருப்பது அருங்காட்சியகங்களில் பொதுவான வழக்கம். படிக்க வசதியான மேசை விளக்கின் ஒளியில் அது ஒரு சிறு பங்கு.

இந்த மங்கல் மிகவும் பொருந்துவது 1957இல் வந்த குளிர்காலக் கதையின் சித்திரங்களுக்கு. மூமின்கள் குளிர்காலம் முழுவதும் தூங்குபவர்கள். ஒருமுறை மூமின்ட்ரோல் மட்டும் நடுவில் விழித்துக்கொள்கிறான். பிறகு தூக்கம் வரவில்லை, அம்மாவும் எழவில்லை. சூரியன் உதிக்காத பனிப்பிரதேசத்தைக் காட்ட, கறுத்த பரப்பைச் சுரண்டி வெள்ளையை வெளிக்கொணரும் முறையைத் தோவே பயன்படுத்தினார். முதலில் இருட்டு, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். கதையும் அப்படியே நகர்கிறது. தனித்துப்போன மூமின்ட்ரோலுக்குப் பனியைப் பற்றிச் சொல்லித்தரும் டூ-டிக்கி, தோவேயின் வாழ்க்கைத்துணையான ஓவியர் தூலிக்கி பியெத்திலாவின் சாயலில் உருவானவள். உட்கார்ந்த இடத்தையே உறையவைக்கும் க்ரோக்கும் இந்தக் கதையில் வருகிறாள். வெளிச்சத்தையும் வெதுவெதுப்பையும் தேடி வந்து, தொட்டதுமே அதை அணைத்துவிடுபவள் அவள். குழந்தைகள் அஞ்சுவது அவளுக்குத்தான். பெரியவர்கள் அவள் படத்தின் முன் நின்று பரிதாபப்படுவதும் அவளுக்காகத்தான்.

சித்திரங்களுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிகளில், கதைக்காட்சிகள் முப்பரிமாணத்தில் சிறிய அளவில் அமைக்கப்பட்டிருக்கின்றன. நம் வீட்டுக் கொலுவில் பூங்காவும் குளமும் அமைப்பதுபோல, ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் புத்தகத்தின் ஒரு கணம். பெரும்பாலும் தூலிக்கியின் கைவேலை இவை. இவற்றில் பெரியது ஐந்து அடுக்கு மூமின் வீடு. தோவே, தூலிக்கி, நண்பரான மருத்துவர் பெந்தி எய்ஸ்தோலா மூவரும் 1970களின் பின்பாதியில் பல ஆண்டுகள் சேர்ந்து கட்டியது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். புத்தகங்களில் வீடு உருளை வடிவக் கோபுரம். இதுவோ கோணல் கூரைகளும் மாடங்களும் ஒன்றின்மேல் ஒன்று முளைத்த வீடு. வரைபடம் போட்டுக் கட்டவில்லை, தோன்றத் தோன்றச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தன் கதாபாத்திரங்களின் வீட்டைத் தானே மறுபடி கற்பனை செய்துகொள்ளும் சுதந்திரத்தை ஓர் எழுத்தாளர் எடுத்துக்கொண்டது எவ்வளவு அழகு!

1970இல் வந்த கடைசிக் கதைநூலில் மூமின்கள் வருவதே இல்லை. பள்ளத்தாக்கை விட்டு அவர்கள் கடல்தீவுக்குப் போய்விட்டார்கள். ஊர்சுற்றியான ஸ்நஃப்கின் முதல் மூமின் அம்மாவை ஒருநாளும் பார்த்திராத சிறுவன் வரை சிலர் அந்த வீட்டுக்கு வந்து, நவம்பர் மழையில் ஒன்றாகக் காத்திருக்கிறார்கள். தோவேயின் தாய் இறந்ததும் அதே ஆண்டில்தான். அதன்பின் அவர் மூமின் கதைநூல் எழுதவில்லை.