உப்பளத்து நுண்ணங்கிகளும் தோற்காப்பும்

மலைகள் சூழ்ந்த கண்டி இராச்சியத்துக்கு உப்பு வெறும் உணவுப்பொருளன்று, அரசியற் பொருளுமாகும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின், கண்டி மக்கள் உப்புக்கு அவர்தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்தையே நாடவேண்டியவராயினர். உப்பளங்களில் உப்பையன்றி வேறொரு செல்வமும் உண்டென்பதை இன்றைய நுண்ணங்கியியல் காட்டுகின்றது. அதனை ஈண்டு நோக்குவாம்.

செறிந்த உப்புநீர் உயிர்க்கலத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். உப்பை நாடி வாழும் நுண்ணங்கிகள் இவ்விடரை இருவழிகளில் வெல்லுகின்றன. சில, பொற்றாசியம் உப்பைக் கலத்தினுள் நிறைத்துக்கொள்கின்றன. வேறுசில, கலத்தொழிலுக்கு ஊறுசெய்யாத சேதனச் சேர்வைகளைத் தாமே ஆக்கிச் சேமிக்கின்றன. எக்டொயின் இவ்விரண்டாம் வகைப் பொருளாகும். எகிப்தின் வாடி நத்ரூன் உவரேரிகளிற் பெறப்பட்ட பற்றீரியா இனமொன்றில் கலின்ஸ்கி, பைஃபர், துரூப்பர் ஆகிய ஜேர்மனிய அறிஞர் 1985இல் இதனைக் கண்டறிந்தனர்.

எக்டொயின் புரதங்களோடு நேரே பிணைவதில்லை. சூழவுள்ள நீரைத் தன்பால் ஈர்த்து, புரதத்தின் மேற்பரப்பில் நீர்ப்படலம் நிலைக்கச் செய்கின்றது. தோலிற் பூசும்போதும் இப்பண்பே பயன்தருகின்றது: ஈர இழப்புக் குறைகின்றது, கலமென்சவ்வு உறுதிபெறுகின்றது, அழற்சி தணிகின்றது. எனினும், வெயிற்காப்புக் களிம்புக்கு இது மாற்றாகாது.

இதனைப் பெறும் முறை சுவையானது. ஹலோமோனாஸ் என்னும் பற்றீரியாவை உப்புமிக்க ஊடகத்தில் வளர்த்துத் திடீரென உப்பைக் குறைப்பர். உள்ளே பாயும் நீரால் வெடித்துவிடாதிருக்கும் பொருட்டு, கலம் எக்டொயினை வெளிவிடும். மீண்டும் உப்பைக் கூட்டினால் மீண்டும் ஆக்கும். 1998இல் விவரிக்கப்பட்ட இம்முறைக்குப் ‘பால் கறத்தல்’ என்றே பெயர்.

எக்டொயின் முதலிற் கண்டறியப்பட்ட உயிர் எகிப்தினது, கண்டறிந்தவர் ஜேர்மனியர். தன் உயிர்வளத்தின்மீது ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள இறைமையை 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் ஏற்றது; 1994இல் இலங்கையும் அதனை உறுதிப்படுத்தியது. ஆயின், தன்னிடம் யாது உளதென அறியாதவர்க்கு இவ்வுரிமையாற் பயனில்லை. புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு ஆகிய உப்பளங்கள் நம்மிடம் உள. பேராதனைப் பல்கலைக்கழகமும் ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனமும் கண்டிச் சூழலிலேயே உள. அவ்வுப்பளங்களின் நுண்ணங்கிகளைப் பிரித்தெடுத்து, இனங்கண்டு, பேணிவைக்கும் பணியை நம் மாணவர் மேற்கொள்வாராயின், உப்போடு அறிவும் இந்நாட்டின் விளைபொருளாகும்.