கப்பல் ஆடுமாடே?

உல்லாசக் கப்பல் என்று பேச்செடுத்தால் எல்லாரும் நீச்சல்குளத்தையும் ஆட்டம்பாட்டத்தையும்தான் சொல்வார்கள். பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் அண்ணாச்சி கேட்டது வேறு: "கப்பல் ஆடுமாடே?" மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அப்பாவையும் அம்மாவையும் அங்கிருந்து இலங்கை போய்வரும் கப்பலில் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. சாயா ஆறுகிற வரைக்கும் அண்ணாச்சியும் அவர் மனைவியான மைனியும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வேறு வீடுகளிலும் இதே கேள்விகள் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஆடும். எவ்வளவு பெரிய கப்பலானாலும் ஆடும். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கடல் பயணம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகுதான். கடல் சீற்றம், நீர்மட்டம் தாழ்வு என்று அதை நிறுத்திவிடுவதும் நமக்குப் பழக்கம். பெரிய கப்பலின் ஆட்டம் அந்தப் படகின் தூக்கிப்போடுதல் அல்ல. மெதுவாக இரண்டு விதமாக வரும். ஒன்று இடம் வலமாகச் சாய்வது, மற்றது முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் தாழ்வது. இடவலச் சாய்வைக் குறைக்க நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டு. வேண்டாதபோது மடங்கி உள்ளே போய்விடும். கப்பல் சாய ஆரம்பித்ததுமே அவை கோணம் மாறி, நீரின் ஓட்டத்தை வைத்தே கப்பலை எதிர்ப்பக்கம் தள்ளும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய உதவி இல்லை.

ஆகவே அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம்: அங்கே ஆட்டம் மிகக் குறைவு. மேலே போகப் போக, முனைக்குப் போகப் போகக் கூடும். விளம்பரத்தில் அதிக விலை சொல்லும் பால்கனி அறைகள் பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கும். அண்ணாச்சிக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே தலை சுற்றும். அவருக்கு நான் சொன்னது, நடுவில், கீழே, முடிந்தால் கண்ணாடி ஜன்னல் உள்ள அறை. உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, நாலு சுவருக்குள் இருக்கும் கண்ணுக்கோ எதுவும் அசைவதாகத் தெரியவில்லை. இந்த முரண்தான் குமட்டலாக வெளியே வருகிறது. தொடுவானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டும் சமாதானமாகும். டாக்டரைக் கேட்டு அவோமின் மாதிரி மாத்திரை போடுவதென்றால் குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். வந்த பிறகு அதனால் பெரிய பயன் இல்லை.

"எங்க தாத்தா ரஜுலாவுல பினாங்குக்குப் போனாவ. பாயும் தலையணையும் கட்டித்தான் கொண்டு போனாவளாம்" என்றார் மைனி. தமிழர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. எஸ்.எஸ். ரஜுலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் தளப் பயணிகள். அறை கிடையாது, விரித்த இடம்தான் இடம். தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைக்கும் வேலை தேடிப் போனவர்களின் கடல் அனுபவம் அது. ரஜுலாவுக்கு அடுத்து வந்தது எம்.வி. சிதம்பரம். பிரான்சில் 1966-இல் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டியது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி அதே தடத்தில் விட்டது. அடுக்குப் படுக்கைகள், சாப்பாட்டுக் கூடம், இரவில் சினிமா. மலேசியா, சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கப்பலை நினைவு வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. தமிழர்களின் அந்த நீண்ட பயணிக் கப்பல் காலம் அதோடு முடிந்தது.

தீ என்றதும் அண்ணாச்சி சாயாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் பயம் நியாயமானது. அதனால்தான் கப்பலில் ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி எல்லாவற்றையும்விட விரிவாகச் சொன்னேன். ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்டால் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு உங்களுக்கென்று குறித்த கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் எண் அறைக் கதவின் உள்பக்கத்திலும் ஏறும்போது தரும் அட்டையிலும் இருக்கும். லிஃப்டில் ஏறக்கூடாது. மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று காட்டுவார்கள். பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒருமுறை நீங்களே கட்டிப் பார்க்க வேண்டும். பலர் இந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவுக்கருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200-க்கும் அதிகமானோர் இருந்த அந்தக் கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய சர்வதேச விதி. எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் மக்கள் இருட்டில் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும். நீங்கள் சலிப்போடு நிற்கிற அந்த அரைமணி நேரம் 32 பேருடைய சாவிலிருந்து வந்தது அண்ணாச்சி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்து அந்த அட்டை. ஏறும்போது படம் பிடித்து ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள். அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பணப்பை எல்லாம் அதுதான். துறைமுகத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் அதைத் தேய்த்தால் உங்கள் முகம் திரையில் வரும். யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கு கப்பலுக்குத் தெரிய வேண்டும். ஆனால் கணக்கில் ஒருவர் குறைகிறார் என்பதற்காகக் கப்பல் பெரும்பாலும் காத்திருக்காது. சொந்தமாக ஆட்டோ பிடித்து ஊர் சுற்றப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிட வேண்டும்.

"குளிக்க வெள்ளம் எங்கேருந்து வரும்?" இது மைனி. கடலிலிருந்துதான் வரும். எஞ்சின் வீணாக்கும் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை, மெல்லிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது இன்னொன்று. பிறகு தாதுச் சத்தும் குளோரினும் சேர்ப்பார்கள். துறைமுகத்திலும் நீர் ஏற்றுவதுண்டு. கழிப்பறையில் தண்ணீர் கொஞ்சம்தான் விழும். பொத்தானை அழுத்தினால் காற்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சிக்கொள்ளும். முதல் தடவை தூக்கிவாரிப் போடும். வெளிநாட்டு நிறுவனங்களின் பல கப்பல்களில் காகிதம் மட்டுமே இருக்கும். அதற்கு ஒரு சின்ன குவளை கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றி மைனிக்கு ஒரு மலைப்பு. அதைத் தெளிவிக்கக் கூப்பிடு தூரத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை. நீண்ட இரண்டு அடுக்குக் கூடம், ஒரே நேரத்தில் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய ஜாடிகளும் அங்கே உண்டு. சென்னையிலிருந்து போன 'எம்ப்ரெஸ்' கப்பலும் ஏறத்தாழ அந்தக் கூட்டத்துக்குச் சோறு போடுகிற கப்பல்தான். 1990-இல் 'நார்டிக் எம்ப்ரெஸ்' என்று ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டியது. 11 தளங்கள், ஏறக்குறைய 800 அறைகள். இப்போது கோர்டீலியா நிறுவனத்திடம் இருக்கிறது. ஊட்டுப்புரையில் உப்பு தீர்ந்தால் தக்கலைச் சந்தைக்கு ஆள் அனுப்பலாம். கப்பலில் கரையை விட்டால் விட்டதுதான். அரிசி, பால், காய், முட்டை எல்லாம் அடுத்த துறைமுகம் வரைக்கும் கணக்குப் போட்டு ஏற்றியிருக்க வேண்டும். இந்தியப் பயணிகளுக்கான கப்பல்களில் சைவமும் ஜைன உணவும் தனியாக உண்டு. நம் தேங்காய் அரைத்த மீன்கறியை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

பஃபேயில் எல்லாரும் ஒரே கரண்டியைத் தொடுகிறார்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரசுக்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூடிய இடத்தில் நோய் எப்படிப் பரவும் என்பதை 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' உலகத்துக்கே காட்டியது. கப்பலில் இருந்த 3,711 பேரில் 700-க்கும் அதிகமானோருக்குக் கொரோனா. கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அந்த 138-இல் 132 பேர் ஊழியர்கள், ஆறு பேர்தான் பயணிகள். பயணிகள் அறையில் அடைந்திருக்க, ஊழியர்கள் சமைத்துக் கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்த விகிதத்தைக் குமரி மாவட்டத்துக்காரன் லேசாகத் தாண்டிப் போக முடியாது. கடற்கரை ஊர்களில் சி.டி.சி. என்ற மாலுமிச் சான்று எடுத்துக் கப்பலுக்குப் போன பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. உங்கள் அறையைத் துடைத்துத் துண்டை யானை மாதிரி மடித்துவைக்கும் பையன் மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் இருப்பான், வார விடுமுறை கிடையாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு அவனுக்கு உரிமை. அவன் தூங்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையாக இருக்கலாம். பேரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள் என்றேன் மைனியிடம். கொல்லங்கோட்டுக்காரனோ குளச்சல்காரனோ கிடைத்தாலும் கிடைப்பான்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. உல்லாசக் கப்பலில் போகிறவர் ஊர் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் ஏமாறுவார். போகுமிடமே கப்பல்தான். சென்னையிலிருந்து எம்ப்ரெஸ் கப்பலின் பயணத்தை 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று பாதை. புதுச்சேரியில் கப்பலில் இருக்கும் சூதாட்டக் கூடத்தை எதிர்த்துப் போராட்டம் கிளம்பியது. அரசு அனுமதி தரவில்லை, பயணிகள் அங்கே இறங்காமலே திரும்பினார்கள். சூதாட்டக் கூடங்கள் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிய பிறகே திறப்பவை, ஆனாலும் எதிர்ப்பு எதிர்ப்புதான். காற்றோ அலையோ சரியில்லை என்றாலும் கேப்டன் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிடலாம். பயணச்சீட்டின் பொடி எழுத்தில் அந்த உரிமை அவருக்கு இருக்கும். 2023 ஜூனில் அதே எம்ப்ரெஸ் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கை போய்வந்தது. பட்டியலில் காங்கேசன்துறை இருப்பதைப் பார்த்து அண்ணாச்சி யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். பார்க்கலாம், ஆனால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். நல்லூரை நல்லூராகப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் போவதே நல்லது.

இறங்குவது எல்லா இடத்திலும் பாலத்தில் நடந்து போவது மாதிரி இருக்காது. நமக்குக் கிட்டத்தில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் எம்.வி. கவரத்தி மாதிரிக் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். தீவைச் சுற்றியுள்ள காயல் ஆழமில்லாததால் பெரிய கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே படகு ஒருமுறை கதவுக்கு நேரே எழும்பும், மறுமுறை ஓர் ஆள் உயரம் இறங்கும். இரண்டு பேர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடியில் "இப்போ" என்பார்கள். அப்போது யோசிக்காமல் கால் வைக்க வேண்டும். அலை கீழே போன பிறகு வைக்கிற காலுக்குத்தான் ஆபத்து. தீவுக்காரப் பாட்டிகள் கோழிக்கூண்டையும் எடுத்துக்கொண்டு சாதாரணமாக இறங்குவார்கள். மூட்டுவலி உள்ள மைனிக்கு அது ஆகாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். விழிஞ்ஞத்தில் ஏறலாமா என்றும் கேட்டார். அது இப்போதைக்குச் சரக்குப் பெட்டிக் கப்பல்களின் துறைமுகம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சொல்லும் கட்டணம் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒருவருக்கு உரியது. அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர் டிப்ஸ், கரையில் ஊர் சுற்றும் பஸ், சில பானங்கள் என்று சேரும். டிக்கெட் எடுக்கும்போதே மொத்தத்தையும் எழுதி வாங்க வேண்டும். கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கப்பலுக்குள் இருக்கும் செயற்கைக்கோள் இணைப்பை அது தானாகப் பிடித்தால் பில் வீடு வந்து சேரும்.

கடைசியாகக் காகிதம். விசாகப்பட்டினம் வரைக்கும் போய்வர ஆதார் போதும், இலங்கைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும். மைனிக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அதற்கு முதலில் விண்ணப்பிக்கச் சொன்னேன். அது கைக்கு வந்த பிறகு, கப்பல் ஓடும் மாதங்களில் கடல் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து மகள் டிக்கெட் எடுத்தால் போதும்.