ஒரு தீவைக் குறைத்துக் கொள்ளுங்கள்!

கோடை விடுமுறை என்றால் குடும்பத்தில் எல்லோருக்கும் விடுமுறைதான், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் யார் என்று நம் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊட்டிக்குப் போனாலும் சரி, கொடைக்கானலுக்குப் போனாலும் சரி, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஒரு பையில் ஏறிக் கொள்கின்றன. கூடவே வீட்டுக் கவலைகளும் ஏறிக் கொள்கின்றன. யாருக்கு வெந்நீர், யாருக்கு மாத்திரை, யாருடைய ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் என்ற விசாரம் மலை உச்சி வரை தொடர்ந்து வருகிறது.

ஆகவே, கல்லூரித் தோழிகளோ ஆபீஸ் சிநேகிதிகளோ நாலு பேராகச் சேர்ந்து, "நாம் மட்டும் ஒரு தடவை எங்கேயாவது போய்விட்டு வந்தால் என்ன?" என்று கேட்க ஆரம்பித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. பேச்சு சூடு பிடிக்கும்போது அடிக்கடி அடிபடுகிற பெயர், கிரீஸ் தேசத்துத் தீவுகள். நீலக் கடல், வெள்ளை வீடுகள், தீவுக்குத் தீவு கப்பல்!

நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த நிமிஷமே யாராவது ஒருத்தி காகிதத்தையும் பேனாவையும் எடுத்து விடுகிறாள். பத்து நாள், ஏழு தீவு. "இவ்வளவு செலவு செய்து போகிறோம், ஒன்றும் விட்டுப் போகக் கூடாது" என்கிறாள். அங்கேதான் வருகிறது வினை. வீட்டில் விடியற்காலையிலிருந்து செய்கிற அதே காரியத்தை, அதாவது மணி பார்த்து ஓடுவதை, கடல் கடந்து போயும் செய்யப் போகிறீர்கள். உங்கள் பட்டியலில் எத்தனை தீவுகள் இருந்தாலும் முதலில் ஒன்றைக் குறைத்துக் கொள்ளுங்கள். முடிந்தால் இன்னும் இரண்டையும் குறையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கப்பல் கணக்கு

ஏதென்ஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே ஏஜியன் கடலில் இறைந்து கிடக்கிற தீவுக் கூட்டத்துக்கு ஸைக்ளடீஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கீக்ளோஸ்' என்றால் வட்டம். டெலோஸ் என்ற சின்னஞ் சிறு தீவைச் சுற்றி வட்டமாக அமைந்திருப்பதால் இந்தப் பெயர். அப்போலோ தேவன் பிறந்த இடம் என்று பழைய கிரேக்கர்கள் டெலோஸைக் கொண்டாடினார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் அகற்றி விட்டு, இனி இந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்! 1990-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்றைக்கும் உல்லாசப் பிரயாணிகள் அங்கே இராத் தங்க முடியாது.

சுற்றியுள்ள வட்டத்தில் மக்கள் வசிக்கும் தீவுகள் ஏறக்குறைய இரண்டு டஜன். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பல் ஏற வேண்டும். சாதாரணப் பெரிய கப்பலில் நாக்ஸோஸ் தீவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகக் கப்பல்களும் உண்டு. ஆனால் அவற்றில் கட்டணம் அதிகம், காற்றடித்தால் ஆட்டமும் அதிகம். பெரிய கப்பலிலோ மேல் தளத்தில் காலாற உட்கார்ந்து, தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்த்துக் கொண்டே போகலாம். அந்த ஐந்து மணி நேரமும் விடுமுறையில் சேர்த்திதான்.

ஆனால் தினமும் கப்பல் என்றால்? ஒரு தீவிலிருந்து கிளம்ப வேண்டுமானால் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், துறைமுகத்தில் வெயிலில் நிற்க வேண்டும், இறங்கிய இடத்தில் புது அறையைத் தேட வேண்டும். அரை நாள் போய் விடுகிறது. ஏழு தீவுக்குப் போக, வர எட்டுப் பிரயாணம். அரை நாள் வீதம் நாலு நாள். பத்தில் நாலு நாளைப் பெட்டிக்குக் காவல் இருந்தே கழிப்பதற்கு ஏஜியன் கடல் எதற்கு? எழும்பூர் ஸ்டேஷனே போதுமே!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கேயிருந்து 'மெல்டெமி' என்ற காற்று வீசுகிறது. வானம் நிர்மலமாக இருக்கும், மழைத் துளி இராது; ஆனால் கடல் மட்டும் கொந்தளிக்கும். காற்று மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்தி விடுவார்கள். மாலை போட்டது போல் ஏழு தீவைக் கோத்து வைத்திருந்தால், ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அத்தனையும் உதிர்ந்து விடும்.

முடியாத வாசல்

சரி, எந்தத் தீவுகளுக்குப் போவது? நாக்ஸோஸில் நாலு இரவு, கூபோனீசியாவில் இரண்டு, அமோர்கோஸில் மூன்று. போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக ஏதென்ஸில் இரண்டு இரவு. ஆக மொத்தம் பதினோரு இரவு, மூன்றே தீவு.

நாக்ஸோஸ்தான் ஸைக்ளடீஸ் கூட்டத்தில் பெரியது. கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போதே ஒரு பிரம்மாண்டமான சலவைக்கல் வாசல் தெரியும். வாசல் மட்டும்தான், கோயில் இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஆரம்பித்த ஆலயம் முடிக்கப்படாமலே நின்று விட்டது. தீவின் வடகோடியில் அப்போலோனாஸ் என்ற ஊரில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான கல் சிலை ஒன்று, கல் வெட்டிய குழியிலேயே மல்லாந்து படுத்திருக்கிறது. அதையும் சிற்பி முடிக்கவில்லை. இரண்டாயிரத்தைந்நூறு வருஷமாக அது எழுந்திருக்கவும் இல்லை.

வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் உட்காருவேன் என்று சபதம் எடுத்துக் கொண்டிருக்கும் நம் பெண்மணிகள் அவசியம் பார்க்க வேண்டிய தீவு இது. பாதியில் நின்ற வாசலின் வழியே சூரியன் மறைவதைப் பார்க்க, உலகத்தின் நாலு மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து நிற்கிறார்கள்!

உள்நாட்டில் பஸ் ஏறினால் மலைக் கிராமங்கள். சலவைக்கல் பாவிய தெருக்களைக் கொண்ட அபீரந்தோஸில் பெண்களின் கைத்தறி நெசவு பேர் போனது. நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுவதும் கிராக்கி உண்டு.

காலால் அளக்கும் தீவு

நாக்ஸோஸிலிருந்து சிறு தீவுகளுக்கு ஒரு சின்னக் கப்பல் போகிறது. 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்' என்று பெயர். எக்ஸ்பிரஸ் என்பது பெயரோடு சரி. ஒவ்வொரு குட்டித் தீவிலும் நின்று, மளிகைச் சாமானையும் பாட்டிமார்களையும் இறக்கி ஏற்றிக் கொண்டு நிதானமாகப் போகும். அதில் போவதே ஒரு தமாஷ்.

மேல் கூபோனீசி ஆறு சதுர கிலோ மீட்டர்கூட இல்லாத தீவு. கார் தேவையில்லை. கடலோரமாக நடந்தால் ஒரு மணிப் பொழுதுக்குள் ஊரிலிருந்து கடைசிக் கடற்கரைக்குப் போய் விடலாம். அங்கே பார்க்க வேண்டியது என்று ஒன்றும் கிடையாது. அதற்காகவே அங்கே போக வேண்டும்.

எதிரே கேரோஸ் என்ற தீவு தெரியும். இன்று அங்கே மக்கள் வசிப்பதில்லை. சுமார் நாலாயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பல தீவுகளிலிருந்தும் ஜனங்கள் சலவைக்கல் பொம்மைகளின் உடைந்த துண்டுகளை அங்கே கொண்டு வந்து புதைத்தார்கள். இந்த நூற்றாண்டில் காலின் ரென்ஃப்ரூ என்ற பிரிட்டிஷ் அறிஞரின் குழு அங்கே தோண்டி ஆராய்ந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. ஒவ்வொருவரும் வேறெங்கோ பொம்மையை உடைத்து, ஒரு துண்டை மட்டும் படகில் எடுத்து வந்திருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. தீவுக்குத் தீவு போவது நேற்று ஆரம்பித்த நாகரிகம் அல்ல, பார்த்தீர்களா? அந்தத் தீவில் கிடைத்த, யாழ் வாசிக்கும் பொம்மை ஒன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் காட்சிசாலையில் இருக்கிறது. ஊர் திரும்பும் முன் அதைப் பார்த்து விட்டு வாருங்கள்.

அமோர்கோஸ் நீண்டு ஒடுங்கிய மலைத் தீவு. கடலுக்கு மேல் முந்நூறு மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டிக் கொண்டிருக்கிறது ஹோசோவியோடிஸ்ஸா மடம். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். தோளும் காலும் மூடியிருந்தால்தான் அனுமதி. மற்ற தேசத்துப் பெண்கள் வாசலில் துணி தேடிக் கட்டிக் கொள்ளும்போது, புடவைக்காரிக்கு அந்தத் தொல்லை இல்லை!

ஸான்டொரீனி இல்லையா?

"ஐயையோ, காலண்டரில் பார்க்கும் ஸான்டொரீனி பட்டியலில் இல்லையா?" என்று கேட்பீர்கள். எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்ததால் உண்டான அதிசயத் தீவு அது. அழகில் சந்தேகமே இல்லை. ஆனால் கூட்டமும் அதற்குத் தக்கபடி. கப்பல்களில் வந்து இறங்கும் சுற்றுலாப் பிரயாணிகள் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் கூடாது என்று 2025-ல் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஜூலை முதல், கோடைக் காலத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவருக்குத் தலைக்கு 20 யூரோ வரியும் போட்டார்கள். போகத்தான் வேண்டும் என்றால் அமோர்கோஸை விட்டு விட்டு அங்கே போங்கள். இரண்டையும் சேர்க்காதீர்கள்.

இதில் தீவுக்காரர்களின் பக்கமும் ஒன்று உண்டு. மழை குறைந்த தீவுகள் இவை. கடல் நீரைக் காய்ச்சியோ வடித்தோ குடி தண்ணீர் தேட வேண்டியிருக்கிற இடங்கள் பல. தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடிய அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டுமா? குளியல் அறைக் குழாயைத் திறந்து விட்டுப் பாட்டுப் பாடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மாமிசம் சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம். 'ஃபாவா' என்று கேளுங்கள். நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டு வரும். 'ஹோர்டா' என்றால் வேக வைத்த கீரை. 'கெமிஸ்டா' என்பது தக்காளியிலும் குடமிளகாயிலும் சோற்றை அடைத்துச் சுட்டது. சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டு விட்டுச் சாப்பிடுங்கள். விரத நாள் சமையலுக்கு 'நிஸ்டீஸிமோ' என்று பெயர். அதில் மாமிசம், முட்டை, பால் கிடையாது. ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் விரதத்துக்கு விலக்கல்ல, ஜாக்கிரதை!

நாலு பேர், ஒரு மேஜை

கிரேக்கர்கள் சேர்ந்து சுற்றும் சிநேகிதர் கூட்டத்தைப் 'பரேயா' என்பார்கள். பரேயா சாப்பிட உட்கார்ந்தால் தட்டுகள் நடுவில் வரும், எல்லோரும் எடுத்துக் கொள்வார்கள், எழுந்திருக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். பில்லைக் கேட்டால்தான் கொண்டு வருவார்கள். கோடையில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. பகல் தூக்கத்துக்குச் சர்க்கார் காவல்!

நட்பு கெடாமல் திரும்ப மூன்று யோசனைகள். முதல் நாளே எல்லோரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பொதுப் பை வைத்துக் கொள்ளுங்கள். காப்பிக்கும் பஸ்ஸுக்கும் அதிலிருந்தே எடுங்கள். தினம் இரண்டு மணி நேரம் ஒவ்வொருத்தியும் தனியாக இருக்கட்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எல்லாக் கப்பலையும் எல்லா அறையையும் ஒருத்தி தலையிலேயே கட்டாதீர்கள். கட்டினால் அவளுக்கு அது விடுமுறை அல்ல. அதே வீடுதான், ஆட்கள்தான் வேறு.

கிளம்பும் முன்

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுக் கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை தள்ளிப் போடக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் வேண்டும். ஜூன் பிற்பாதியும் செப்டம்பரும் சௌகரியமான காலம். ஆகஸ்டு 15 மாதா திருநாள். அதையொட்டிக் கப்பல்கள் நிரம்பி வழியும். விமானம் ஏறும் தினத்துக்கு முந்திய நாளே ஏதென்ஸுக்கு வந்து விடுங்கள். மெல்டெமிக்கு உங்கள் டிக்கெட்டைப் பற்றி அக்கறை கிடையாது.

கோடைக்குக் கிரேக்க மொழியில் 'கலோகேரி' என்று பெயர். பிரித்துப் பொருள் சொன்னால், நல்ல காலம். நம் ஊர்க் கோடையை அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஆனால் வருஷம் முழுவதும் பிறர் நேரத்துக்கு ஓடிய ஒரு பெண், கடலைப் பார்த்தபடி, அடுத்து என்ன வேலை என்று நினைக்காமல் தோழிகளோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கு அந்தப் பெயர் பொருந்தும். பட்டியலில் ஒரு தீவை அடித்தால் அப்படிப்பட்ட மாலை ஒன்று கிடைக்கும். பேனாவை எடுங்கள்!