கடவுளர் இல்லாத களம்

பழங்கதைகளைத் திரைப்படம் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் கிரேக்கப் புராணங்களை ஒட்டியே எழுப்பப்படுகிறது என்றாலும், கொங்கு நாட்டவருக்கு அதே கேள்வி அண்ணமார் கதையில் இன்னும் நெருக்கமாக எழுகிறது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரையும் அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காளையும் பற்றிய இக்கதை உடுக்கையடிப் பாட்டாக, அதாவது உடுக்கையின் தாளத்துக்கு இடையிடையே பாடியும் பேசியும் இரவு இரவாக நிகழ்த்தப்படும் கதையாக வழங்கி வந்திருக்கிறது. கதையின் தலைவர்களுக்கு ஊர்தோறும் கோயில் இருப்பதால், கேட்பவருக்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று, தாம் கும்பிடும் சாமிகளின் வரலாறும் ஆகும்.

இத்தகைய கதைக்கு ஒற்றை மூலம் கிடையாது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு செய்த வடிவம் ஒன்று. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணமார் சுவாமி கதை' மற்றொன்று. இரண்டும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. ஹோமரின் பெயரில் வழங்கும் இலியத்தும் வாய்மொழிப் பாடகர் மரபிலிருந்து உருவானதே என்பதை எண்ணும்போது, ஒரு படம் எந்தச் சம்பவத்தை மாற்றியது என்று பட்டியலிடுவதைக் காட்டிலும், கதையைத் தாங்கும் தூண் எது, படம் அதை வைத்துக்கொண்டதா என்று கேட்பதே தகும்.

அண்ணமார் கதையில் அந்தத் தூண் தெய்வச் செயல். அண்ணன்மாரின் தாயாகப் போகும், பிள்ளையில்லாத தாமரை பல ஆண்டுகள் கடுந்தவம் இருந்து சிவனிடம் வரம் பெறுகிறாள். பிறக்கும் பிள்ளைகளின் ஆயுளும் அந்த வரத்திலேயே அளக்கப்பட்டுவிடுகிறது. அண்ணன்மார் மணம் முடித்தும் மனைவியரைத் தீண்டாமல் வாழ்வதும், அந்த நோன்பிலிருந்தே அவர்களது வலிமை பிறப்பதாகக் கதை கருதுவதும், கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைக் கொல்லப் போகையில் பொன்னாச்சி என்னும் சிறு நாய் இன்றியமையாத துணையாவதும் அந்த ஒழுங்குக்குள் அடங்குபவை. முடிவில் மாயவர், அதாவது திருமால், எய்யும் அம்பைக் கண்டு தன் காலம் முடிந்ததென உணரும் சங்கர், பகைவர் வாளால் அன்றித் தன் வாளாலேயே உயிர் விடுகிறான். பொன்னரும் அவன் வழியே செல்கிறான்.

தியாகராஜன் இயக்கத்தில், மு. கருணாநிதியின் புதினத்தை அடியொற்றி 2011இல் வெளிவந்த 'பொன்னர் சங்கர்' திரைப்படம் வேறு பாதையில் செல்கிறது. பிரசாந்த் இரு வேடங்களிலும் நடித்த அப்படத்தில் தாயின் சபதமும் பகைவன் மாந்தியப்பனின் சூழ்ச்சியும் பழிதீர்த்தலுமே கதையை நடத்துகின்றன. பெக் பதிவுசெய்த வடிவில் குழந்தைகளைக் காப்பது செல்லாண்டியம்மன். படத்தில் அவர்களை வளர்ப்பவர் ராக்கியண்ணன் என்னும் மனிதர். நாயகர்களுக்குக் காதற்பாட்டுகளும் உண்டு. கதைப்பாடலின் நோன்பு அவற்றோடு ஒத்துப்போகாது. பகுத்தறிவாளர் ஒருவரின் எழுத்து தெய்வச் செயலைத் தள்ளிவைத்ததில் வியப்பில்லை. ஆனால் தூணை எடுத்தபின் கூரையைத் தாங்க வேறொன்று வேண்டுமல்லவா? அரண்மனைகளும் படைத்திரளும் அந்த வேலையைச் செய்யவில்லை.

கொங்கு மண்ணின் பழைய படப்பிடிப்பு நிலையங்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படம் 'சதி அகல்யா' (1937). கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்தது 'ஸ்ரீமுருகன்' (1946). இவற்றில் கடவுளர் நேராகவே மேடையேறினர். அக்காலப் பார்வையாளர் அவர்களைத் திரையில் எதிர்பார்த்தே வந்தனர்.

வொல்ஃப்காங் பீட்டர்சனின் 'டிராய்' (2004) 'பொன்னர் சங்க'ரின் மேலைநாட்டு உடன்பிறப்பு எனலாம். பத்தாண்டுப் போர் அதில் சில வாரங்களாகச் சுருங்குகிறது. மனைவியின் சூழ்ச்சியால் தாய்நாட்டில் மாளவேண்டிய அகமெம்னான் டிராய் நகரிலேயே இறக்கிறான். இலியத்தில் இருபுறமும் நின்று போரை நடத்தும் கடவுளர் அறவே இல்லை. மாறாக 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்' (1963) ஒலிம்பஸ் மலைக் கடவுளரைச் சதுரங்கம் ஆடுவோர் போல் அமர்த்தி, மனிதரைக் காய்களாக நகர்த்த வைக்கிறது. மீதேயாவின் மந்திரத்தால் வீழவேண்டிய வெண்கல அரக்கன் தாலோஸை ஜேசனே வீழ்த்துவதாக மாற்றியிருந்தாலும், மேலே ஒருவர் ஆட கீழே ஒருவர் அலைகிறார் என்ற கிரேக்க உணர்வு அதில் தங்கியிருக்கிறது. ஆயினும் பின்னாளில் மீதேயா தன் பிள்ளைகளையே கொல்லும் கொடுமைக்கு முன்பே அப்படம் நிறுத்திக்கொள்கிறது.

கடவுளரை நீக்குவதே பிழை என்றும் சொல்வதற்கில்லை. மிகாலிஸ் கக்கோயானிஸ் தம் 'இஃபிகேனியா' (1977) படத்தில் தெய்வம் எதையும் காட்டவில்லை. யூரிப்பிடீஸின் நாடகத்தில் அகமெம்னான் பலியிடும் மகளுக்குப் பதிலாகப் பலிபீடத்தில் தோன்றும் மானையும் காட்டவில்லை. எனினும் படைவீரர் கூட்டத்தின் வெறியும் தந்தையின் பதவி ஆசையும் விதியைப் போலவே விலக்க முடியாதவையாக நெருக்குவதால், அந்தப் படம் நாடகத்துக்கு அணுக்கமாகவே நிற்கிறது. 'பொன்னர் சங்க'ரில் இல்லாதது இந்த நெருக்கடிதான்.

பெக் தம் பதிவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 26 பகுதி இயங்குபடத் தொடரான 'பொன்னிவள நாடு' சம்பவங்களைப் பொறுத்தவரை மிக நேர்மையானது. பன்றியும் நாயும் தவமும் அதில் உரிய இடம் பெறுகின்றன. ஆனால் உடுக்கை ஒலியில் சிலருக்கு அருள் வந்து ஆடும் சூழலை எந்தத் தொடராலும் தர இயலாது. அதனைத் தொடரின் குறையாகக் கொள்வது முறையன்று.

திரை இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளாதது தங்காளின் பகுதி. அண்ணன்மார் மாண்ட செய்தி அறிந்து, மணப்பாறை அருகே வீரப்பூர்ப் பக்கம் படுகளம் தேடிச் சென்று, தெய்வத் துணையுடன் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசிவிட்டு மீண்டும் இழப்பவள் அவள். கக்கோயானிஸ் 'டிராய் நகரப் பெண்கள்' (1971) படத்தில் போர் முடிந்தபின் எஞ்சிய பெண்களையே கதையின் நடுவில் நிறுத்தினார். அவ்வாறு தங்காளிலிருந்து தொடங்கும் ஒரு படத்துக்கு வேண்டிய பொருள் உடுக்கையடிப் பாட்டிலேயே இருக்கிறது, பெரும் படைகளும் அதற்குத் தேவையில்லை.