வங்காளத்தில் சீன இலக்கியக் கல்வி – ஒரு மொழிவழக்கு நோக்கு

பிறநாட்டு இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் பயில்வோர் அதனை மூலமொழியிலேயே பயிலுதல் வேண்டுமா, ஆங்கில மொழிபெயர்ப்பே போதுமா என்பது இந்திய மொழித்துறைகள் அனைத்திற்கும் உரிய வினாவாகும். வங்காளத்துச் சீனக் கல்வியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

தோற்றமும் நோக்கமும்

அசுதோஷ் முகர்ஜியின் காலத்தில், 1918ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சீனமொழி கற்பிக்கப்படலாயிற்று. 1921இல் சாந்திநிகேதனுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி அங்குச் சீனமும் திபெத்திய மொழியும் கற்பித்தார். 1937இல் தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் அங்கே சீன பவனத்தை நிறுவினர். வடமொழி மூலம் மறைந்துபோன பல பௌத்த நூல்கள் சீன மொழிபெயர்ப்பில் எஞ்சியிருந்தமையால், அவற்றை மீட்பதே தொடக்கக்காலச் சீனக் கல்வியின் தலையாய நோக்கமாக அமைந்தது. இதனால் சீனம் இந்தியப் பழமையின் கருவூலமாகக் கருதப்பட்டது. வாழும் சீனத்தின் எழுத்து பின்னரே கவனம் பெற்றது.

லூ சுன் காட்டும் இருவழக்கு

அதே 1918ஆம் ஆண்டு மே மாதம் சீனத்தின் ‘புதிய இளைஞர்’ இதழில் லூ சுன் எழுதிய ‘பித்தனின் நாட்குறிப்பு’ வெளிவந்தது. இக்கதையின் முன்னுரை பண்டைய இலக்கிய நடையிலும், நாட்குறிப்பு பேச்சுவழக்கைத் தழுவிய புதுநடையிலும் அமைந்துள்ளன. பித்தன் குணமடைந்து அரசுப் பணி நாடிச் சென்றுவிட்டான் என்பதைப் பழைய நடை அறிவிக்கிறது. எனவே, பழைய சமுதாயத்தை எதிர்த்த குரல் அச்சமுதாயத்திற்கே திரும்பிவிட்டதை நடைவேறுபாடே உணர்த்துகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிடுகிறது.

வங்காள மாணவருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘செய்திருக்கிறேன்’ என்பது வங்காளத்தின் சாது நடையில் ‘கொரியாச்சி’ எனவும், சலித் நடையில் ‘கொரேச்சி’ எனவும் வழங்கும். பிரமத சௌதுரி 1914இல் தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ இதழ் சலித் நடைக்கு ஏற்றம் தந்தது. ஆகவே மூலத்தின் இருநடைகளையும் தம் மொழியிலேயே உணர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு.

திரைவடிவம்

இலக்கியம் திரைப்படமாகும்போதும் இத்தகைய இழப்பு நேர்கிறது. லூ சுன்னின் ‘புத்தாண்டுப் படையல்’ 1956இல் சாங் ஹூவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. இறந்தபின் ஆன்மா உண்டா என வினவும் ஏழைப் பெண்ணுக்கு விடைகூற இயலாது தடுமாறும் கற்றவன் கதைசொல்லியாக வருகிறான். படத்தில் அப்பாத்திரம் இல்லை. அப்பெண் கோயில் வாயிற்படியை வெட்டும் காட்சி புதிதாகச் சேர்க்கப்பட்டது. கற்றோரின் கையாலாகாமையைச் சுட்டிய கதை, ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்பைக் காட்டும் படமாக மாறியுள்ளது. இரண்டையும் ஒப்பிட்டுப் பயிலும்போதே இம்மாற்றம் புலனாகும்.

முடிவுரை

எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் தமிழிலும் தெளிவாக வேறுபட்டு நிற்கின்றன. ஆங்கிலத்தின் வழியே சீன இலக்கியத்தைப் பெறும்போது, தமிழால் இயல்பாகக் காட்டக்கூடிய நடைவேறுபாட்டைத் தமிழ் வாசகர் இழக்க நேர்கிறது. சீனத்தின் தொன்மையான கவித்தொகைப் பாடல்கள் சிலவற்றைப் பயணி என்னும் எழுத்தாளர் மூலத்திலிருந்தே தமிழாக்கியுள்ளார். அம்முறை இக்கால உரைநடைக்கும் விரிவடைதல் வேண்டும். அதற்கு மூலமொழிக் கல்வியே அடிப்படையாகும்.