வீட்டை விற்கப் போகிறீர்களா? வெள்ளையடிக்கும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்!

மார்கழி மாதத்தில் நம் ஊரில் வீடு வாங்குவது, விற்பது பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. தை பிறந்துவிட்டால் புரோக்கர்களின் மொபைல் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். தையில் சூடு பிடிக்கும் இந்தச் சீசன் வைகாசி வரை நீளும். ஆடி வந்தால் மீண்டும் அடங்கிவிடும். முகூர்த்த நாட்களில் கூட்டம் அலைமோதுவதால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன்கள் வழங்குகிறது. எனவே வீட்டை விற்க நினைப்பவருக்கு மார்கழிதான் தயாரிப்பு மாதம்.

இந்த மாதத்தில் பெரும்பாலோர் வெள்ளையடிப்பார்கள். கதவுக்கு பெயிண்ட் அடிப்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் பேசி முடித்த விற்பனை பாதியில் நிற்பது பெரும்பாலும் பேப்பர்களால்தான்.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் என் பெரியப்பாவுக்கு ஒரு வீடு. 20 அடி அகலம், 80 அடி நீளம், கூடத்தில் இரண்டு குழித்தறிகள் என வழக்கமான பட்டு நெசவாளர் வீடு. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூட்டுவலியால் பெரியப்பாவாலும் தறி மிதிக்க முடியவில்லை. விற்று வரும் பணத்தில்தான் முதுமைக் காலத்தை ஓட்ட வேண்டும். ஒருவர் அட்வான்ஸ் கொடுத்தார். ஆனால் அவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. காரணம், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. செலவாகிப் போன அட்வான்ஸைத் திருப்பித் தர பெரியம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. அடுத்த தைக்குள் எல்லாவற்றையும் சரி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அலைய வேண்டிய இடம் எது என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்தது. நான் சென்ற அதே வரிசையில் நீங்களும் செல்லலாம்.

1. ஒரு போல்டர், ஒரு டேபிள்

முதலில் டாகுமெண்ட்ஸ் போல்டரில் "வீடு" என ஒரு புதிய போல்டர் உருவாக்குங்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைல்களாக அதில் சேமியுங்கள். பைல் பெயரிலேயே ஆண்டையும் ஆவண எண்ணையும் கொடுத்துவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

அடுத்து எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து ஒரு டேபிள் தயாரியுங்கள். வரிசைகளில் பத்திரம், வில்லங்கம், பட்டா, வரி ரசீது என எழுதுங்கள். நெடுவரிசைகளில் உரிமையாளர் பெயர், சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள், கதவு எண் எனத் தலைப்பிடுங்கள். இந்தக் கட்டங்கள் எல்லாம் நிரம்பி, ஒன்றோடொன்று ஒத்துப் போனால் உங்கள் வீடு விற்பனைக்குத் தயார். ஒத்துப் போகாத கட்டத்திற்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். எங்கள் டேபிளில் முதல் நாள் ஐந்து மஞ்சள் கட்டங்கள் இருந்தன.

பரப்பளவில் குழப்பம் வரும். பத்திரத்தில் சதுர அடி இருக்கும். பட்டாவில் சதுர மீட்டர் இருக்கும். சதுர மீட்டரை 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பெரியப்பாவின் பத்திரத்தில் 1600 சதுர அடி, பட்டாவில் 148.5 சதுர மீட்டர், அதாவது 1598 சதுர அடி. இத்தகைய சிறு வேறுபாடு கணக்கைச் சுருக்கி எழுதுவதால் வருவது. ஐம்பது, நூறு அடி குறைந்தால் மட்டும் சர்வேயரை அழைத்து அளக்க வேண்டும்.

2. வில்லங்கம் பார்த்தல்

பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்திற்குச் செல்லுங்கள். 2018இல் புதிய வடிவில் தொடங்கப்பட்ட தளம் இது. மேலே மொழியைத் தமிழாக மாற்றிக் கொள்ளலாம். மின்னணு சேவைகள் என்ற மெனுவில் வில்லங்கச் சான்று என்பதைத் தேர்ந்தெடுத்து, விவரம் பார்வையிடும் பிரிவில் கிளிக் செய்யுங்கள். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், தேதிகள் ஆகியவற்றைக் கொடுத்தால் விவரம் பி.டி.எப். பைலாகக் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகம் எது எனத் தெரியாவிட்டால் பழைய பத்திரத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். வங்கிகள் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் கேட்பதால் அந்த அளவுக்காவது பின்னோக்கிச் செல்லுங்கள்.

பார்வையிடுவது இலவசம். டிஜிட்டல் கையெழுத்துடன் கூடிய சான்று வேண்டுமெனில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் வில்லங்கத்தில் 1994இல் தாத்தா எழுதிய அடமானம் ஒன்று எட்டிப் பார்த்தது. கடன் எப்போதோ அடைபட்டுவிட்டது. ஆனால் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யவில்லை. அது பதிவாகாத வரை வில்லங்கத்தில் அடமானம் நிலுவையில் இருப்பதாகவே தெரியும். கடன் கொடுத்தவர் ஊரிலேயே இருந்ததால் ஒரே நாளில் வேலை முடிந்தது. வாங்குபவரின் வக்கீல் கண்டுபிடிக்கும் முன் நாமே கண்டுபிடித்துவிடுவதில்தான் லாபம். ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு செய்யாத ஒப்பந்தமும் உயிலும் வில்லங்கத்தில் வராது.

3. பட்டாவும் பழைய ஊர்ப் பெயரும்

அடுத்து வருவாய்த்துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" என்ற இ-சர்வீசஸ் தளம். இதில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை டைப் செய்ய வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது மாவட்டப் பெயரில்தான். எங்கள் தாய்ப்பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருந்தது. காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997இல். 2019இல் அதிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிந்தது. பழைய பத்திரத்தைப் பார்த்து மெனுவில் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்தால் நம் கிராமமே கிடைக்காது. செவிலிமேட்டிற்கு காஞ்சிபுரம் மாவட்டம், காஞ்சிபுரம் வட்டம் எனக் கொடுக்க வேண்டும். செவிலிமேடு முன்பு பேரூராட்சியாக இருந்தது. பிறகு காஞ்சிபுரம் நகராட்சியில் சேர்ந்தது. அந்த நகராட்சி 2021இல் மாநகராட்சியானது. இப்படி மாறிய பகுதிகளில் நகர்ப்புறம் என்ற பிரிவில் விவரம் வராவிட்டால், ஊரகம், நத்தம் ஆகிய பிரிவுகளிலும் தேடிப் பாருங்கள். கதவு எண்ணும் மாறியிருக்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் டேபிளில் எழுதுங்கள்.

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அ-பதிவேட்டில் உரிமையாளராகக் கோயில் அல்லது சுவாமியின் பெயர் இருந்தால் அது கோயில் நிலம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் மண்ணை விற்க முடியாது. அறநிலையத்துறை தன் கோயில் நில விவரங்களை 2021 முதல் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. அதிலும் உங்கள் சர்வே எண்ணைச் சரிபாருங்கள்.

4. வாரிசுகள்

தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் சம்பாதித்தது. எனவே மகன்களைப் போலவே மகள்களுக்கும் சம பங்கு உண்டு. "தங்கச்சிங்கதான் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாங்களேப்பா" என்றார் பெரியப்பா. வாயால் சொன்னது பதிவாகாது. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மூலம் விண்ணப்பித்தோம். பொங்கலுக்கு இரண்டு அத்தைகளும் ஊருக்கு வந்தபோது டேபிளைத் திரையில் காட்டி விளக்கினேன். பெரிய அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சின்ன அத்தை தன் பங்கு வேண்டும் என்றார். பெரியப்பாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் பங்கு எவ்வளவு எனப் பேசி, எழுதி முடித்தோம். என் அப்பாவும் கையெழுத்திட்டார். அதன் பிறகே பட்டா மாற்றத்திற்கு மனு செய்தோம். பதிவு நாளன்று அலுவலக வாசலில் இந்தப் பேச்சு எழுந்திருந்தால் குடும்பமே இரண்டாகியிருக்கும்.

5. வரி, மின்சாரம், செலவுக் கணக்கு

சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சிகளின் சொத்து வரி, தண்ணீர் வரி பாக்கியை டி.என். அர்பன் இ-பே தளத்தில் பார்த்து, அங்கேயே செலுத்தலாம். மின் கட்டணம் பற்றி வாங்குபவர் கேட்டால் கைத்தறி இலவச மின்சாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தச் சலுகை நெசவாளருக்கானது. தறி இல்லாதவருக்குப் பில் கூடும்.

வழிகாட்டி மதிப்பையும் டி.என்.ரெஜிநெட் தளத்திலேயே பார்க்கலாம். முத்திரைத் தீர்வை முதலியன 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.30 லட்சத்திற்கு வாங்குபவருக்கு இதுவே ரூ.2,70,000 ஆகும். இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு பேரம் பேசினால் கடைசி நேர மனக்கசப்பு வராது.

6. போட்டோவும் விளம்பரமும்

இப்போது வெள்ளையடிக்கலாம். காலை வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்து, அறையின் மூலையில் நின்று மொபைலை அகலவாட்டில் பிடித்து எடுங்கள். நெசவு வீட்டில் கூடத்தின் நீளம்தான் சிறப்பு. சுவரில் மாட்டிய பாவு, நூல், அட்டைகளை அகற்றினாலே கூடம் பெரிதாகத் தெரியும். தறிக்குழியைப் பாய் போட்டு மறைக்க வேண்டாம். அதையும் ஒரு போட்டோ எடுத்து, குழியை மூடித் தருவீர்களா என்பதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள்.

போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபின், பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பெறுங்கள். டீடெய்ல்ஸ் டேபில், தனிப்பட்ட தகவல்களை நீக்கும் லிங்க் கீழே இருக்கும். அதில் கிளிக் செய்தால் போட்டோவில் பதிந்துள்ள இருப்பிட விவரம் நீங்கும்.

பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் முகம் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். ஆதார் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் டவுண்லோட் செய்து கொடுங்கள். வீட்டைப் பார்க்காமலேயே "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யு.பி.ஐ. பின் எண்ணும் வேண்டாம்.

கம்ப்யூட்டரில் பார்த்த விவரம் வக்கீலின் கருத்துக்கு மாற்றாகாது. ஆனால் வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லித் தரும். எங்கள் மஞ்சள் கட்டங்கள் அனைத்தும் மாசி கடைசியில்தான் வெள்ளையாயின. பங்குனியில் வந்த ஓர் இளம் தம்பதிக்கு பிரின்ட் எடுத்த டேபிளையும் நகல்களையும் கொடுத்தோம். அவர்களின் வங்கி வேறு பேப்பர் எதுவும் கேட்கவில்லை. வைகாசியில் பத்திரம் பதிவாயிற்று. வளையல்களும் வீடு திரும்பின.

"வீடு" போல்டரை பென் டிரைவ் ஒன்றில் பேக்கப் எடுத்து வையுங்கள். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இந்த டேபிளை இந்த மார்கழியிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு மஞ்சள் கட்டத்தைச் சரி செய்ய, கையெழுத்திட வேண்டியவர்கள் எல்லோரும் நலமாக இருக்கும் காலமே ஏற்ற காலம்.